இருபது கிலோவுக்குள்

மரக்காணம் உப்பளம்
26 மே 2024

அன்புள்ள வினோதினிக்கு,

கழுவெளி முகத்துவாரம் தொடங்கி கிழக்குக் கடற்கரைச் சாலை வரை பரந்து விரிந்த உப்பு சாம்ராஜ்யத்தைக் கட்டியாளும் உன் தாய்மாமன் பஞ்சநாதன் எழுதும் திருமுகம். கட்டியாள்வது என்றால், காலையில் வேலைக்கு வந்தவர்களின் பெயரை நோட்டில் எழுதும் மேஸ்திரி உத்தியோகம்தான். ஆனாலும் நான் ஒரு நாள் நோட்டைத் திறக்காவிட்டால் தமிழ்நாட்டில் எந்த வீட்டுச் சாம்பாரிலும் உப்பு இருக்காது என்பதை நீ மறக்கக் கூடாது.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை நான் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, உன் அம்மா பொம்மையார்பாளையத்தில் உன்னைப் பார்த்துவிட்டு வந்து இறங்கினாள். காலையில் போகும்போது தலையில் ஒரு பை, கையில் ஒரு பை. வரும்போதும் அதே இரண்டு பை. என்னக்கா, பிள்ளை ஊரில் இல்லையா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டாள். என் அக்கா அஞ்சம்மாள் வாயை மூடிக்கொண்டு என்னைத் தாண்டிப் போன அந்தக் கணத்தில் உப்பளத்தில் காற்று நின்றது. கொக்குகள் காலை மாற்றி வைக்க மறந்துபோயின. கடல் இரண்டு மைல் உள்வாங்கியதாகவும் கேள்வி.

வீட்டுக்குப் போய்ப் பையைத் திறந்து பார்த்தேன். நெத்திலிக் கருவாடு, எள்ளு மிளகாய்ப் பொடி, புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், புழுங்கல் அரிசி மூன்று கிலோ, ஒரு கம்பளி. பாலித் தீவில் அரிசி கிடைக்காதா என்று கேட்டேன்.

"கிடைக்கும். இந்த அரிசி கிடைக்குமா" என்றாள். அதோடு சரி. நாலு நாளாகப் பேச்சில்லை.

உன் பக்க நியாயம் எனக்குத் தெரியாமல் இல்லை. நம் வம்சத்தில் முதன்முதலாக விமானம் ஏறப் போகிறவள் நீ. அதுவும் அலைச்சறுக்குப் போட்டிக்கு. இருபது கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டான் என்றால் ஏற்ற மாட்டான்தான். கனம் குறைந்த வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றி இந்த மாமனை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கீழ்புத்துப்பட்டு செக்போஸ்ட்டைத் தாண்டிப் புதுச்சேரி என்னும் அயல்தேசத்துக்கு நான் எத்தனை ஆயிரம் முறை போய் வந்தவன். போகும்போது வெறுங்கை. வரும்போது கொண்டுவர வேண்டியதையெல்லாம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுவேன். எந்த அதிகாரியும் இதுவரை எடை போட்டதில்லை.

நீயும் அப்படியே செய். ஒரு துண்டு, இரண்டு பனியன், பலகை. போட்டியில் ஜெயித்தால் கோப்பையை அங்கேயே உருக்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு வா. ஆனால் கிளம்புவதற்கு முன் உன் அம்மாவுக்கு ஒரு போன் போடு. அது ஒரு கிராம்கூட எடை கூடாது.

கிருபாவின் ஜெராக்ஸ் கடையில் இதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உப்பளச் சக்கரவர்த்தி பஞ்சநாதன்

*

பொம்மையார்பாளையம்
28 மே 2024

மாமாவுக்கு,

கடிதம் வந்தது. கீழே நாலு வரியைக் கிருபாவின் கட்டைவிரல் மறைத்திருக்கிறது. நானும் காகிதத்தில் எழுதித்தான் படம் பிடித்து அனுப்புகிறேன். வானூர் ஹாஸ்டலில் இருந்த காலத்திலிருந்து நமக்கு இதுதான் பழக்கம். போனில் உங்களுக்கு அளக்க வராது.

நான் சொல்வதைக் கேளுங்கள். போர்டு பை, இரண்டு போர்டும் உள்ளே வைத்துப் பதினோரு கிலோ இருநூறு. ஒரு போர்டு உடைந்தால் இன்னொன்று வேண்டும், அதனால் இரண்டு. காலில் கட்டும் கயிறு இரண்டு, போர்டுக்கு அடியில் மாட்டும் ஃபின், மேலே தேய்க்கும் வேக்ஸ், போர்டு ஓட்டை விழுந்தால் அடைக்கிற பசை, எல்லாம் சேர்த்து மூன்று கிலோ. மிச்சம் ஐந்து கிலோ எண்ணூறில்தான் என் துணி, மருந்து, செருப்பு, எல்லாம். ஒரு ஜீன்ஸ் எழுநூறு கிராம் மாமா. அதை எடுத்து வெளியே வைத்துவிட்டேன். சோப்பைப் பாதியாக வெட்டியிருக்கிறேன்.

அம்மா வந்த அன்று என்னிடம் அலை கற்றுக்கொள்ள வந்த வெளிநாட்டுக்காரர்கள் ஆறு பேர் மணலில் நின்றார்கள். அம்மா நடுவில் உட்கார்ந்து பையைப் பிரித்தாள். இவ்வளவு எடுத்துப் போக முடியாது என்று மெதுவாகத்தான் சொன்னேன். "எல்லாம் போவும், அமுக்கி வை" என்றாள். எங்கள் கோச் தேசப்பன் அண்ணன் பெட்டி தூக்கிப் பார்க்கிற தராசைக் கொண்டுவந்து அம்மாவின் பைகளை அதில் மாட்டினார். பன்னிரண்டு கிலோ. எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை.

நானும் சிரித்தேன். அதுதான்.

அம்மா ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக் கட்டும்போது நான் உதவிக்குக் குனிந்தேன். என் கையைத் தட்டிவிட்டாள். பிறகு பஸ் ஏறிவிட்டாள். நான் நாலு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இனி அவள்தான் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. இந்தத் தடவை உங்கள் வேலையைக் காட்டாதீர்கள். போன வருஷம் மங்களூர் போட்டியில் நான் இரண்டாம் சுற்றுக்குத் தயாராக நின்றபோது, அம்மாவைப் பாம்பு கடித்துவிட்டது, உடம்பு நீலம் பாய்ந்துவிட்டது, ஏழு டாக்டர்கள் கைவிட்டார்கள் என்று எழுதினீர்கள். கிருபாவும் சத்தியம் செய்தான். பதினாறு மணி நேரம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். வாசலில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பின்னால் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். உங்கள் பாம்பைப் பற்றி அவளுக்கே தெரியாது.

அதை நான் மறக்கவில்லை.

அம்மாவிடம் சொல்லுங்கள். வேண்டாம், ஒன்றும் சொல்லாதீர்கள்.

வினோ

*

மரக்காணம்
31 மே 2024

வீராங்கனை வினோதினிக்கு,

பாம்பு விவகாரத்தில் இந்த நீதிமன்றம் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டுவிட்டது. மாப்பிள்ளை தங்கமான பையன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அவனும் வேறு கல்யாணம் செய்துகொண்டு தினமும் அழுகிறானாம்.

சொல்லாதே என்றாய், சொல்லிவிட்டேன். வரப்பில் உட்கார்ந்து உன் கடிதத்தை உரக்கப் படித்தேன். உன் அம்மா உப்பை வாரிக் குவித்துக்கொண்டே கேட்டாள். பன்னிரண்டு கிலோ என்ற இடத்தில் உப்பு வாரும் பலகையை நிறுத்தினாள்.

"பன்னெண்டா? நான் பத்துக்குள்ளதான் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

பிறகு மறுபடி வாரத் தொடங்கினாள். நானும் மேற்கொண்டு படித்தேன். நீ சிரித்த இடத்தைப் படிக்காமல் தாண்டிவிட்டேன். என் வாழ்நாளில் நான் ஒன்றைக் குறைத்துச் சொன்னது அன்றைக்குத்தான்.

அக்காவின் கால் இரண்டும் கோயில் தேர்ச் சக்கரம் போல வீங்கிக் கிடக்கின்றன. செருப்பு நுழையவில்லை. வெயில் என்கிறாள். விடிந்தால் ஒரு சொம்பு தண்ணீர், அதற்குப் பிறகு பொழுது சாயும் வரை தொண்டையை நனைப்பதில்லை. குடித்தால் ஒதுங்க வேண்டும், கண்ணுக்கெட்டிய தூரம் வெட்ட வெளி, ஆம்பிளைகள் வேலை செய்கிற இடம். அங்கே வேலை செய்கிற பெண்கள் எல்லோரும் அப்படித்தான். நான் ஒரு குடம் தண்ணீரை அவள் வாயில் பிடித்து ஊற்றப் போனேன், குடத்தோடு என்னைப் பாத்தியில் தள்ளிவிட்டாள். இன்னும் என் காதில் உப்பு உதிர்கிறது.

நீ நிம்மதியாகப் போ. கோபம் ஆறும்.

மாமன்

*

பாலி
6 ஜூன் 2024

மாமா,

வந்து சேர்ந்துவிட்டேன். சென்னை விமான நிலையத்தில் என் பை பத்தொன்பது கிலோ அறுநூறு காட்டியது. நானூறு கிராம் மிச்சம். அந்தப் பெண் சீட்டு ஒட்டி அனுப்பும் வரைக்கும் பெருமையாக நின்றேன். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான், நானூறு கிராமுக்கு எள்ளுப்பொடி வந்திருக்குமே என்று நினைத்தேன். அரிசிகூட ஒரு பிடி வந்திருக்கும்.

இங்கே மற்ற நாட்டுப் பெண்கள் ஏழெட்டு போர்டு கொண்டுவந்திருக்கிறார்கள். என்னுடைய இரண்டையும் பார்த்துவிட்டு ஒருத்தி, நீ ரொம்பச் சாமர்த்தியமாக மூட்டை கட்டுகிறாய் என்றாள். ஆமாம் என்றேன்.

போட்டி பத்தாம் தேதியிலிருந்து பதினெட்டாம் தேதிக்குள் நடக்கும். எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. தினமும் விடிந்ததும் கடலைப் பார்த்து, அலை இருந்தால் இன்று என்பார்கள், இல்லையென்றால் காத்திரு என்பார்கள். என் சுற்றில் நாலு பேர். முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் அடுத்த சுற்று. அதற்கு மேல் ஒரு படி போனால் ஒரு வருஷம் எனக்குச் செலவு செய்யக் கம்பெனி ஒன்று தயாராக இருக்கிறதாம்.

இங்கே சோறு நம்மைப்போலத்தான். ஆனால் அம்மா கேட்டது சரி. இந்த அரிசி வேறு.

அவள் என்ன செய்கிறாள்? கால் வீக்கம் உண்மையா, தேர்ச் சக்கரமா? பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறேன்.

வினோ

*

புதுச்சேரி
9 ஜூன் 2024

அன்புள்ள வினோதினி,

அகில உலக உப்பு ராஜ்ஜியத்தின் சக்கரவர்த்தி இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் சிம்மாசனம் இல்லாமல் தரையில் உட்கார்ந்து எழுதுகிறான்.

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அதனால் பழைய மாதிரியே தொடங்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணி வெயிலில் உன் அம்மா கூடையோடு வரப்பில் சாய்ந்துவிட்டாள். பூமியே ஒரு பக்கம் சாய்ந்தது போல இருந்தது. நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு காற்றாய்ப் பறந்து ரோட்டுக்கு வந்தேன். (அவளோடு உப்பு வாரும் மேரிசெல்வியும் ஒரு கை பிடித்தாள்.) மரக்காணத்தில் பார்த்துவிட்டு இங்கே அனுப்பினார்கள். இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை என்கிறார்கள். ஊரிலுள்ள டாக்டர்கள் அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருத்தருக்கு ஒருத்தர் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள். இரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்தார்கள். அண்டா அண்டாவாக இரத்தம். உடம்பு தாங்கவில்லை, பாதியில் நிறுத்திவிட்டார்கள். மூச்சு வாங்குகிறது.

வினோ, இது பாம்பு இல்லை. நீ வர வேண்டும். வந்தால் பார்க்கலாம் என்கிறார்கள். எவ்வளவு நாள் என்று கேட்டேன், அந்த டாக்டர் சுவரைப் பார்த்தார்.

நான் எழுதுவது அக்காவுக்குத் தெரியாது. கிருபா சாயங்காலம் கஞ்சி கொண்டுவருவான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். நம்பு. உலகத்தில் உள்ள எல்லாச் சாமி மேலும் சத்தியம்.

மாமன்

*

பாலி
10 ஜூன் 2024

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பெட்டியை எடுக்க எழுந்துவிட்டேன். அரை நிமிஷம்தான். பிறகு இன்னொரு தடவை படித்தேன். காற்றாய்ப் பறந்தேன், அண்டா அண்டாவாக இரத்தம், ஊரிலுள்ள டாக்டர்கள் அத்தனை பேரும். போன வருஷம் ஏழு டாக்டர்கள், இந்த வருஷம் எண்ணிக்கை கூடியிருக்கிறது. கிருபாதான் மறுபடியும் சாட்சி. இந்தத் தடவை வாசலில் எந்த ஊர் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான்?

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அம்மாவின் நம்பரைக் கூப்பிட்டேன்.

எடுத்தாள். பதினெட்டு நாள் கழித்து எடுத்தாள் மாமா.

"யாரு, வினோவா?" என்றாள். எங்கேம்மா இருக்கே என்று கேட்டேன். ரேஷன் கடையில் நிற்கிறாளாம். பின்னாலே பீப் பீப் என்று சத்தம் கேட்டது. அது என்ன என்றேன், ரேகை வைக்கிற மிஷின் என்றாள். மாமா இப்படி எழுதியிருக்கிறாரே என்று சொன்னேன். ஒரு தடவை இருமினாள். பிறகு சிரித்தாள்.

"அவன் எழுதறத நீ இன்னுமா படிக்கற? எனக்கு ஒண்ணும் இல்ல. வெயில்ல தல சுத்திச்சு. நீ உன் வேலயப் பாரு."

குரல் கம்மியாக இருந்தது. ரேஷன் கடையில் கத்திக் கத்தி என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள், பையைத் திருப்பி அனுப்பினது சரிதான், அவ்வளவு கனத்தோடு அலை மேலே எப்படி நிற்பாய், நான்தான் யோசிக்கவில்லை என்று. நான் அழுதுவிட்டேன். "அழுதுட்டுப் போயி தண்ணியில எறங்காத" என்றாள்.

எனக்கு உங்கள் மேல் கோபமே வரவில்லை. உங்கள் பொய்யால்தான் அவள் என்னோடு பேசினாள். ஆனால் மாமா, ஒரு வார்த்தை கேட்கிறேன், ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள். பொய்தானே? பொய் இல்லை என்று நீங்கள் இன்னொரு தடவை எழுதினால் நான் பெட்டியைக் கட்டிவிடுவேன். கட்ட அரை மணிகூட ஆகாது.

வினோ

*

10 ஜூன் 2024, சாயங்காலம்

வினோதினிக்கு,

மாமன்னர் கையும் களவுமாகப் பிடிபட்டார்.

பொய்தான். கோப்பையை வாங்கிவிட்டால் நீ எங்களை மதிக்க மாட்டாய் என்ற பயத்தில் புத்தி கெட்டு எழுதினேன். உன் அம்மா நன்றாக இருக்கிறாள். சர்க்கரை குறைகிறது என்று ரேஷன் கடைக்காரனிடம் சண்டை போட்டதில் தராசு முள்ளே பயந்து நேராக நின்றுவிட்டது. இப்போது வீட்டில் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்திருக்கிறாள்.

பெட்டியைக் கட்டாதே. தண்ணீரில் கவனமாக இரு.

பஞ்சநாதன்

*

பாலி
12 ஜூன் 2024

மாமா,

மூன்றாவது நாளாகக் கடல் சும்மா கிடக்கிறது. துடைத்து வைத்த தட்டு மாதிரி. அலை என்று சொல்ல ஒரு சுருக்கம்கூட இல்லை. இன்று காலை ஏழு மணிக்கே இன்றைக்கும் போட்டி இல்லை என்று கொடியை இறக்கிவிட்டார்கள். நாற்பது பேரும் போர்டைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்திருக்கிறோம். காலையிலிருந்து எனக்கு வேலையே இல்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு பழைய போட்டோக்களைப் பார்க்கிறேன்.

அம்மாவைக் கூப்பிடலாம் என்று இரண்டு தடவை நம்பரை எடுத்தேன். அங்கே எட்டு மணி இருக்கும், பாத்தியில் வேலை மும்முரமாக நடக்கும், கையெல்லாம் உப்பாக இருக்கும், எதற்குத் தொந்தரவு என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் கூப்பிடுகிறேன்.

திரும்பி வரும்போது பழைய போர்டை இங்கேயே ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு வரப் போகிறேன். அப்போது ஐந்து கிலோ இடம் கிடைக்கும். அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நான் கேட்டதாகச் சொல்லாமல் கேளுங்கள்.

வினோ

*

மரக்காணம், வீட்டிலிருந்து
29 ஜூன் 2024

மாமாவுக்கு,

மேரிசெல்வி அக்காவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் வீட்டுக்கும் இதற்கும் நாலு தெரு. வந்து பேச எனக்கு முடியவில்லை.

பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் நான் அம்மாவைக் கூப்பிட்டேன். எடுத்தது கிருபா. பதினான்காம் தேதி மத்தியானம் நான் வந்து சேரும் வரைக்கும் ஐஸ் பெட்டியில் வைத்திருந்தீர்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். காலை யாரோ துணியால் மூடியிருந்தார்கள். விலக்கிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன அளவுக்குத்தான் வீங்கியிருந்தது. பத்தில் ஒரு பங்கு இல்லை.

நேற்று முன்தினம் கருமாதியில் பிறந்த வீட்டுக் கோடி என்று நீங்கள் புடவையை எடுத்து நீட்டினீர்கள். வாங்கிக்கொண்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்று அஞ்சாறு பேர் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

போட்டி பதினான்காம் தேதி நடந்ததாம். எனக்கு எதிரே இருந்த மூன்று பேரும் இறங்கியிருக்கிறார்கள். நான் தண்ணீருக்குள் போகவே இல்லை மாமா. அங்கே இருந்த எட்டு நாளில் ஒரு சுற்றுக்குக்கூட இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். பெட்டியைக் கட்ட அரை மணி ஆகாது என்று உங்களுக்கு எழுதினேன். நிஜமாகவே கட்டும்போது பன்னிரண்டு நிமிஷம்தான் ஆனது.

நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. அது என் தப்பு. அதை நான் யாரிடமும் இறக்கி வைக்க முடியாது. ஆனால் நான் கேட்டேன். பொய்தானே என்று ஒரு வார்த்தை கேட்டேன். அப்போது ஏன் ஒத்துக்கொண்டீர்கள்? வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொல்லிவிட்டு, அதை ஏன் பொய் என்று சொன்னீர்கள்?

கடைசியில் அவள் பக்கத்தில் இருந்தது நீங்கள் மட்டும்தான். என்ன பேசினாள் என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். என் பேரைச் சொல்லிச் சிரித்தாள் என்கிறார்கள், கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்தாள் என்கிறார்கள். எல்லாம் நீங்கள் சொன்னதாம். எனக்கு அவை வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். ஒன்றும் சேர்க்காதீர்கள்.

வினோதினி

*

மரக்காணம்
2 ஜூலை 2024

வினோதினி,

இது நாலாவது காகிதம். முன்னால் எழுதிய மூன்றிலும் கை பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது, கிழித்துவிட்டேன். இதிலும் அங்கங்கே அடித்திருப்பேன். அடித்ததெல்லாம் நான் சேர்த்தது. மற்றது நடந்தது.

அக்கா சத்தியம் வாங்கிக்கொண்டாள், அதனால்தான் பொய் என்று எழுதினேன் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். வாங்கினாள்தான். "ஒரு தடவ அழுதுக்குனே ஓடியாந்துச்சு. போதும். இன்னொரு தடவ வேணாம்" என்றாள். ஆனால் முழுக் காரணம் அது இல்லை. உன்னோடு அவள் பேசியபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். மூக்கில் மாட்டியிருந்த குழாயைக் கழற்றச் சொல்லிவிட்டுப் பேசினாள். ரேஷன் கடையில் நிற்கிறேன் என்று சொன்ன குரலைக் கேட்டேன். வைத்த பிறகு எழுந்து உட்கார்ந்து அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். நான்கு நாளில் அதுதான் அவள் குடித்தது. எனக்கு அவள் பிழைத்துக்கொண்டாள் என்று தோன்றிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். எழுதும்போது எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை. கிருபா வேண்டாம் என்றான். அவனை நான்தான் அதட்டினேன்.

பதினொன்றாம் தேதி முழுக்கக் கண் திறக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி காலை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். ஒரே ஒரு டாக்டர். சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும். அப்போது எட்டு மணி. அந்த நேரம் பார்த்து அக்கா கண் திறந்தாள். முகம் தெளிவாக இருந்தது. ஒளி வீசியது என்று எழுதி அடித்திருக்கிறேன்.

நான் அவள் போனைக் கையில் எடுத்தேன். "வினோவக் கூப்பிடறேன்க்கா, ஒரு வார்த்த பேசு" என்றேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. கையைக்கூட நீட்டினாள்.

நீட்டிக்கொண்டே, "இப்ப அங்க மணி என்ன?" என்று கேட்டாள். பத்தரை என்றேன்.

"தண்ணிக்குள்ள போயிட்டாளா?"

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கூப்பிட்டுக் கேட்போம் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் சந்தோஷப்படட்டும் என்று வாய் தானாகத் திறந்துகொண்டது.

"போயிட்டாக்கா. ரெண்டு பன ஒயரத்துக்கு வருது அல. அதும் மேல நிக்கறா. கரையில இருக்கிற சனமெல்லாம் எழுந்து நின்னு பாக்குது" என்றேன்.

அன்று கடல் தட்டு மாதிரி கிடந்தது என்று நீ எழுதியிருந்ததை நான் மறுநாள்தான் பார்த்தேன்.

அக்கா நீட்டிய கையால் என் கையைப் பிடித்துப் போனைக் கீழே தாழ்த்தினாள். "அப்பக் கூப்பிடாத. சத்தம் கேட்டா திரும்பிப் பாப்பா. வெளிய வரட்டும்" என்றாள்.

நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவளும் கண்ணை மூடவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வேறு ஒன்றும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. சிரிக்கவில்லை. ஆசீர்வாதம் செய்யவில்லை.

ஒன்பதே காலுக்கு ஒரு தடவை, "வந்துட்டாளா?" என்றாள்.

"இன்னும் இல்லக்கா" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

பஞ்சநாதன்